உள்ளுக்குள்ளே துருப்பிடிக்குது பாஸ்!

சர்க்கரை நோய்க்கும் வாரிசுக்கும் என்ன சம்பந்தம்? எலி, எலெக்ட்ரான், ஹார்மோன் ஊசினு ஒரு ரவுண்ட் அடிச்சா மேட்டர் புரியும்!

'கண்ணு போகும், கிட்னி போகும், கால்ல புண்ணு வந்தா ஆறாது...' சர்க்கரை நோய் என்றதும் நம்ம வீடுகளில் ஓடுகிற லிஸ்ட் இதுதான். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை ஏக்கமாகப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைக்கிற பெரியப்பாவுக்குக்கூட இது மனப்பாடம். ஆனால், அந்த லிஸ்ட்டில் ஒரு ஐட்டத்தை மட்டும் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஸ்கிப் பண்ணிடுவாங்க. குழந்தை பெற்றுக்கொள்ளும் திறன்!

பேசத்தான் கூச்சமே தவிர, விஷயம் ஒண்ணும் புதுசு இல்லை. 11-ம் நூற்றாண்டிலேயே பாரசீக மருத்துவர் இப்னு சீனா, இந்த நோயோடு ஆண்மைக் குறைவும் சேர்ந்து வருவதை எழுதிவைத்துவிட்டார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடுத்தர வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் எடுத்து 1994-ல் வெளியான ஆய்வில், விறைப்பே இல்லாத நிலை மொத்தத்தில் 9.6 சதவிகிதம் பேருக்கு. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களில் மட்டும் பார்த்தால் 28 சதவிகிதம்!

'இதெல்லாம் அங்கிள் மேட்டர், இருபது வயசுல நமக்கு எதுக்கு?' என்று பக்கத்தைத் திருப்பாதீங்க. டைப் 1 சர்க்கரை நோய் பலருக்கு ஸ்கூல் படிக்கும்போதே வந்துவிடுகிறது. எங்க ஹாஸ்டலில்கூட, பையில் இன்சுலின் பேனாவோடு கிளாஸுக்கு வருகிற ஒரு பையன் உண்டு. அரியர், சைட், சீனியர் சண்டை என சகலத்தையும் ஓப்பனா பேசுகிறவன், ஒரு நாள் நைட் மொட்டை மாடியில், 'டேய், நான் அப்பா ஆக முடியுமாடா?' என்று கேட்டான். நாலு பேர் இருந்தோம். ஒருத்தன்கிட்டயும் பதில் இல்லை. நான் படிப்பதோ இ.இ.இ. டிரான்ஸ்ஃபார்மர் பற்றிக் கேட்டால் சொல்லலாம், இதுக்கு என்ன சொல்ல? ரெண்டு வாரம் பயோடெக் பசங்களை நச்சரித்து, லைப்ரரியில் தவம் கிடந்து தேற்றிய மேட்டர்தான் இது.

இது ஏதோ நாலைந்து பேர் பிரச்னையும் இல்லை. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயபடீஸ் ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த சர்வே 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர், பெரியவர்களில் 11.4 சதவிகிதம். விளிம்பில் நிற்கிறவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல்!

எலியார் சொன்ன சாட்சி

இந்த சப்ஜெக்ட்டில் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையைத் திறந்தாலும் முதல் சீனில் ஒரு எலி என்ட்ரி கொடுக்கும். எலிக்கு சர்க்கரை எப்படி வரும்? வராது, வரவைப்பார்கள். அதற்கு ஒரு மருந்து இருக்கிறது... ஸ்ட்ரெப்டோசோடோசின். வாயில் நுழையாத இந்தப் பேருக்குச் சொந்தமான சரக்கு, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1950-களின் கடைசியில் கிடைத்தது. 'நல்ல ஆன்டிபயாட்டிக் ஆகும்' என்றுதான் ஆரம்பித்தார்கள். 1963-ல் குட்டு வெளிப்பட்டது. இது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தேடிப்போய்ப் போட்டுத்தள்ளுகிறது! குளுக்கோஸ் மாதிரியே வேஷம் போட்டிருப்பதால், குளுக்கோஸ் நுழைகிற அதே கதவு வழியாக செல்லுக்குள் புகுந்துவிடுகிறது. அந்தக் கொலைகார குணத்தையே நல்லதுக்குத் திருப்பி, கணையத்தில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்கு 1982-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதித்தார்கள் என்பது தனிக் கதை.

ஒரே ஊசி. ரெண்டு, மூணு நாளில் எலிக்கு சர்க்கரை எகிறிவிடும். சில வாரங்கள் விட்டுப் பார்த்தால் விந்தகம் எடை குறைந்திருக்கும். விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் குறைந்திருக்கும். டெஸ்டோஸ்டீரானும் டவுன். திசுவை அரைத்துச் சோதித்தால், ஆக்சிஜனால் அரிக்கப்பட்ட கொழுப்பின் கழிவுகள் அதிகம். அதே எலிக்கு இன்சுலினோ, மெலடோனினோ, வைட்டமின் ஈ-யோ கொடுத்தால் நிலைமை ஓரளவு தேறுகிறது. உலகம் முழுக்க இந்த ஒரே ஸ்கிரிப்ட்டை ஹீரோவை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இங்கே எனக்கு ஒரு டவுட் வந்தது. ஸ்ட்ரெப்டோசோடோசினே ஒரு விஷம். அதுவே செல்லுக்குள் ஆக்சிஜன் கலாட்டாவைக் கிளப்பும். அப்படியானால் எலியின் விந்தகத்தைக் கெடுத்தது சர்க்கரையா, ஊசியா? வில்லனும் சாட்சியும் ஒரே ஆள் என்றால் எந்தக் கோர்ட் ஒப்புக்கொள்ளும்? நல்லவேளை, இதே டவுட் பெரிய ஆட்களுக்கும் இருந்திருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

லீக்கேஜ் கரன்ட்!

ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்... ஷாம்பு விளம்பரம் முதல் கிரீன் டீ பாக்கெட் வரை அடிபடுகிற வார்த்தை. எங்க டிபார்ட்மென்ட் பாஷையில் சொன்னால் ரொம்ப சிம்பிள், லீக்கேஜ் கரன்ட்!

நம்ம செல்களில் பெரும்பாலானவற்றுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒரு பவர் ஹவுஸ் இருப்பது பத்தாம் கிளாஸிலேயே படித்ததுதான். சாப்பாட்டிலிருந்து உருவிய எலெக்ட்ரான்கள் அங்கே ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறிக்கொண்டே போகும். கடைசியில் ஆக்சிஜன் அவற்றை முறையாக வாங்கித் தண்ணீராக மாறும். ஓடிய கரன்ட்டுக்குப் பலன், நமக்கு எனர்ஜி. ஆனால், சர்க்கரை அளவுக்கு மேல் வந்து கொட்டினால்? லைனில் எலெக்ட்ரான் நெரிசல். வழியிலேயே சில எலெக்ட்ரான்கள் நழுவி, ஆக்சிஜன் மேல் ஒத்தையாக ஒட்டிக்கொள்ளும். அதுதான் சூப்பர் ஆக்ஸைடு. ஜோடி இல்லாத ஒத்தை எலெக்ட்ரானோடு அலைகிற முரட்டு பேச்சிலர். எதிரில் வருகிற கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாவற்றோடும் வம்பு இழுக்கும். இரும்புகிட்டேயிருந்து ஆக்சிஜன் எலெக்ட்ரானைப் பிடுங்குவதைத் துரு என்கிறோம். உடம்புக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதேதான்.

இந்த சூப்பர் ஆக்ஸைடைப் பிடித்து அடக்க உடம்பே ஒரு போலீஸ் வைத்திருக்கிறது. சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற அந்த என்சைமை 1969-ல் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும். இதில் மெக்கார்ட் அப்போது ஆராய்ச்சி மாணவர். ஆக, மாணவர்கள் பாத்திரம் கழுவ மட்டும் லேபுக்குப் போவதில்லை!

சர்க்கரை நோயில் கண், கிட்னி, நரம்பு என வேறு வேறு இடத்தில் வருகிற சேதத்துக்கு எல்லாம் மூலகாரணம் இந்த லீக்கேஜ்தான் என்று 2001-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார் நியூயார்க் விஞ்ஞானி மைக்கேல் பிரவுன்லீ. செல்லுக்குள் தேங்கும் உபரி குளுக்கோஸில் ஒரு பகுதியை உடம்பு சார்பிட்டால் என்கிற வேறொரு சர்க்கரையாக மாற்றுகிறது. அந்த வேலைக்கு என்.ஏ.டி.பி.ஹெச். என்ற சரக்கு செலவாகும். அதே சரக்குதான் உடம்பின் முக்கிய ஆன்டி ஆக்ஸிடென்ட்டான குளூட்டாதயோனை ரீசார்ஜ் பண்ணவும் வேண்டும். ஒரு பக்கம் திருடன் அதிகம், இன்னொரு பக்கம் போலீஸுக்கு சம்பளம் கட். உருப்படுமா?

சரி, இதில் விந்தணு ஏன் குறிப்பாக மாட்டிக்கொள்கிறது? அதன் டிசைன் அப்படி. வேகமாக நீந்த வேண்டும் என்பதற்காக, லக்கேஜை எல்லாம் இறக்கிவிட்டுக் கிளம்புகிற ஆள் அது. செல்லுக்குள் இருக்க வேண்டிய திரவத்தைப் பெரும்பாலும் உதறிவிடுகிறது. அதோடு பாதுகாப்பு என்சைம்களும் காலி. மேல் சவ்வு முழுக்க எளிதில் ஆக்சிஜன் அரிக்கிற வகைக் கொழுப்பு. டி.என்.ஏ.வில் கீறல் விழுந்தால் தானே ரிப்பேர் செய்துகொள்ளும் வசதியும் ஏறக்குறைய இல்லை. ஹெல்மெட் போடாமல் பைபாஸில் பைக் ஓட்டுகிற கேஸ்! ஆக்சிஜன் அதிகமானால் மனித விந்தணு நீந்துவதை நிறுத்திவிடுகிறது, கேட்டலேஸ் என்சைம் சேர்த்தால் தப்பிக்கிறது என்று ஜான் மெக்லியாட் 1943-லேயே காட்டிவிட்டார்.

மனிதர்களிடம் இதைப் பார்த்தார்களா? பார்த்தார்கள். அயர்லாந்துத் தீவின் வடக்கே பெல்ஃபாஸ்ட் நகரில், சர்க்கரை நோய் உள்ள 27 ஆண்கள், இல்லாத 29 ஆண்களின் விந்தணுக்களை ஒப்பிட்டு 2007-ல் ரிசல்ட் வெளியிட்டார்கள். எண்ணிக்கை, வடிவம், ஓட்டம் எல்லாமே ரெண்டு குரூப்புக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லேப்காரர் 'நார்மல்' என்று சீல் குத்தி அனுப்பிவிடுவார். ஆனால், உள்ளே இருக்கும் டி.என்.ஏ. எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளந்தால், சர்க்கரை உள்ளவர்களுக்கு 53 சதவிகிதம், இல்லாதவர்களுக்கு 32 சதவிகிதம். வெளியே பளபள பெயின்ட், உள்ளே சேஸிஸ் அரிச்சுப்போன பழைய வண்டி மாதிரி. மொத்தமே 56 பேர், சின்ன ஆய்வுதான். ஆனாலும், வழக்கமான டெஸ்ட்டை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இது போதும்.

அகிடா சுண்டெலி உடைத்த ரகசியம்

இப்போ பாக்கி வைத்த டவுட்டுக்கு வரலாம். விஷ ஊசியே போடாமல் சர்க்கரை வருகிற பிராணி கிடைத்தால் குழப்பம் தீரும் இல்லையா? ஜப்பானின் அகிடா நகரத்துப் பேரைத் தாங்கிய சுண்டெலி வகை ஒன்று அப்படிக் கிடைத்தது. இன்சுலின் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியதால், இன்சுலின் தப்பாக மடிந்து, பீட்டா செல் தானாகவே செத்துப்போகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எரிகா ஷோலர், கெல்லி மோலி குழு இந்தச் சுண்டெலிகளை ஆராய்ந்து 2012-ல் சொன்னது செம சுவாரஸ்யம்.

அந்த ஆண் சுண்டெலிகளுக்கு வாரிசே இல்லை. விந்தகம் சுருங்கிக் கிடந்தது. ஆனால், பிரச்னை விந்தகத்தில் மட்டும் இல்லை, தலைமைச் செயலகத்திலேயே! மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் விந்தகத்தில் இருக்கும் லெய்டிக் செல்கள் டெஸ்டோஸ்டீரானைச் சுரக்கும். இந்த எலிகளில் எல்.ஹெச். ஆர்டரே குறைந்துபோயிருந்தது. வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்ததும் ஆர்டர் திரும்ப வந்தது, டெஸ்டோஸ்டீரான் ஏறியது, விந்தணு உற்பத்தி தொடங்கியது. கடைசியில் அப்பாவும் ஆகிவிட்டன!

ஹார்மோன் ட்ரீட்மென்ட் என்றதும் நமக்கு ஏதோ மர்ம ஊசி ஞாபகம் வருகிறது. இன்சுலினே ஒரு ஹார்மோன்தான் பாஸ். 1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயசு லெனார்ட் தாம்ப்சனுக்கு முதல் ஊசி போட்ட அன்றிலிருந்து, சர்க்கரை நோயில் நடப்பதே ஹார்மோன் சிகிச்சைதான். எங்க ஹாஸ்டல் பையன் தினமும் வயிற்றைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் அந்த ஊசி, சர்க்கரையை மட்டும் இறக்கவில்லை. மூளைக்கும் விந்தகத்துக்கும் நடுவில் அறுந்த லைனையும் ஒட்டவைக்கலாம் என்பதற்கு அகிடா சுண்டெலி ஒரு நல்ல குறிப்பு. எலிக்கு நடந்ததெல்லாம் அப்படியே மனுஷனுக்கு நடக்கும் என்று நான் கற்பூரம் அடிக்க மாட்டேன். ஆனால், ஊசியை ஸ்கிப் பண்ணிவிட்டு சினிமாவுக்கு ஓடுகிறவன் எதையெல்லாம் பணயம் வைக்கிறான் என்று அவனிடம் சொல்லியாயிற்று.

பெரியவர்களுக்கு வருகிற டைப் 2-விலும் இதே மேலிடத்துக் கோளாறு உண்டு. 2004-ல் பஃபலோ நகரத்து (ஆமாம், ஊர் பேரே எருமைதான்!) பரேஷ் தண்டோனா குழு, டைப் 2 உள்ள 103 ஆண்களைச் சோதித்தது. மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டீரான் குறைவு. அது குறைந்தால் பிட்யூட்டரி கத்தி ஆர்டர் போட வேண்டும். போடவில்லை, கம்மென்று இருந்தது.

ஊசி போட்டா சரியாயிடுமா?

'அப்ப டெஸ்டோஸ்டீரான் குறையுதுனா டெஸ்டோஸ்டீரானையே ஊசியா ஏத்திடலாமே மச்சி?' என்று கேட்காதவன் எங்க பிளாக்கில் இல்லை. லாஜிக் சரி மாதிரிதான் தெரியும். அங்கேதான் ஆப்பு!

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நெகட்டிவ் ஃபீட்பேக் படித்திருப்பீர்கள். டேங்க் நிறைந்தால் மோட்டார் ஆஃப். ரத்தத்தில் வெளி டெஸ்டோஸ்டீரான் நிரம்பியதும், 'அதான் நிறைய இருக்கே' என்று பிட்யூட்டரி ஆர்டரை நிறுத்திவிடும். ஆனால், விந்தணு தயாராக ரத்தத்தில் இருக்கும் அளவு பத்தாது. விந்தகத்துக்குள் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். உள்ளூர் ஃபேக்டரி மூடப்பட்டதால் அது கிடைக்காது. ரிசல்ட்? மீசை முறுக்கலாம், விந்தணு ஜீரோ!

இது பயமுறுத்தல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாக டெஸ்ட் பண்ணியது. ஏழு நாடுகளில் 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரான் ஊசி. விந்தணு ஜீரோ ஆனவர்கள் 157 பேர். வேறு எந்தத் தடுப்பும் இல்லாமல் ஒரு வருஷம் இந்த ஊசியை மட்டுமே நம்பியிருந்த அந்த குரூப்பில் மொத்தமே ஒரு கர்ப்பம்தான். 1990-ல் வெளியான ரிசல்ட் இது. குழந்தை வேண்டும் என்று நினைக்கிற சர்க்கரை நோயாளி 'தெம்புக்கு' இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால், கிட்டத்தட்ட குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கொண்ட மாதிரி.

ஜிம்மில் 'சைக்கிள்' என்று சொல்லி, பேர் தெரியாத பாட்டிலில் ஏற்றுகிறார்களே, அதுவும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து சரக்குதான். சர்க்கரை இல்லாத பசங்களுக்கும் இது பொருந்தும். ஆறுதலான செய்தி, ஹார்மோன் கருத்தடை ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,549 ஆண்களின் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, ஊசியை நிறுத்திய பின் 67 சதவிகிதம் பேருக்கு ஆறு மாதத்திலும் 90 சதவிகிதம் பேருக்கு ஒரு வருஷத்திலும் உற்பத்தி நல்ல நிலைக்குத் திரும்பியது. ஆனால், அவர்கள் டாக்டர் மேற்பார்வையில் அளந்து போட்டவர்கள். ஜிம் மாஸ்டர் அளவு அவருக்கே வெளிச்சம்.

டெஸ்டோஸ்டீரான் ஊசி வேஸ்ட் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரையிலான 1,007 ஆண்களிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், டயட், உடற்பயிற்சியோடு இந்த ஊசியும் போட்டவர்களில் இரண்டு வருஷம் கழித்து சர்க்கரை நோயோடு இருந்தவர்கள் 12 சதவிகிதம். வெத்து ஊசி போட்டவர்களில் 21 சதவிகிதம். கூடவே 22 சதவிகிதம் பேருக்கு ரத்தம் கெட்டியானது என்பதையும் மறக்கக்கூடாது. குழந்தை வேண்டுபவர்களுக்கு, மேலிட ஆர்டர்தான் குறை என்று உறுதியானால், டாக்டர்கள் வேறு ரூட் எடுக்கிறார்கள். எல்.ஹெச். மாதிரியே வேலை செய்யும் ஹெச்.சி.ஜி. ஊசி, தேவைப்பட்டால் கூடவே எஃப்.எஸ்.ஹெச். ஹெச்.சி.ஜி. என்பது கர்ப்பிணிகள் உடம்பில் சுரப்பது, பிரெக்னன்சி டெஸ்ட் அட்டையில் கோடு போடுகிற அதே ஆசாமி. அப்பா ஆவதற்கு அம்மாக்களின் ஹார்மோன்!

கேப்ஸ்யூல் வாங்கும் முன்...

துரு என்றால் பெயின்ட் அடித்துவிடலாம், ஆன்டி ஆக்ஸிடென்ட் மாத்திரை போடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. மெடிக்கல் ஷாப்பில் கலர் கலரான டப்பாக்கள் அடுக்கியிருக்கிறார்கள், விலையும் தலைசுற்றும். எலிக்குப் பலித்தது மனுஷனுக்குப் பலித்ததா? அமெரிக்காவில் குழந்தைக்காகக் காத்திருந்த 171 தம்பதிகளில் ஆண்களுக்கு வைட்டமின் சி, ஈ, செலினியம், துத்தநாகம், கார்னிட்டின், லைக்கோபீன் என சகலமும் கலந்த கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். விந்தணுவும் முன்னேறவில்லை, டி.என்.ஏ. சிதைவும் குறையவில்லை. இன்னொரு ஆய்வில் 2,370 தம்பதிகள், ஃபோலிக் ஆசிட்டும் துத்தநாகமும். குழந்தை பிறப்பு 34 சதவிகிதம், வெத்து மாத்திரை குரூப்பில் 35. இரண்டு ரிசல்ட்டும் வந்தது 2020-ல். இவை சர்க்கரை நோயாளிகளுக்கென்றே நடந்தவை அல்ல என்பது உண்மை. ஆனாலும், ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் யோசிக்க வைக்கிற நம்பர்கள்.

காரணம் இருக்கிறது. ஃப்ரீ ராடிக்கல் முழு வில்லன் கிடையாது. கருமுட்டைக்குள் நுழையும் பக்குவத்துக்கு விந்தணு வர, கொஞ்சூண்டு தேவை. மொத்தமாக அணைத்துவிட்டால் அடுப்பும் எரியாது. தவிர, லீக்கேஜ் கரன்ட் ஓடும்போது வயரைச் சரிபண்ணாமல் ரப்பர் செருப்பு மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டால் எத்தனை நாளைக்கு?

பெண்கள் பக்கம் கதை கொஞ்சம் வேற மாதிரி. டைப் 2-வின் உறவுக்காரியான பி.சி.ஓ.எஸ்.ஸில் இன்சுலின் குறைவதில்லை, அதிகமாகிறது! அந்த உபரி இன்சுலின் சினைப்பையை உசுப்பி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது, மாதவிலக்கு தடம்புரள்கிறது. அதனால்தான் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை சில பெண்களுக்கு டாக்டர்கள் எழுதுகிறார்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்களுக்கு முக்கியமான நேரம், கரு உண்டான முதல் சில வாரங்கள். இதயமும் முதுகுத்தண்டும் உருவாகிற அந்த நாட்களில் அம்மாவின் சர்க்கரை எகிறியிருந்தால் பிறவிக் குறைபாட்டுக்கான ரிஸ்க் கூடுகிறது. பல பேருக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்குள்ளேயே அந்த வாரங்கள் ஓடிவிடும். அதனால், ட்ரீட்மென்ட் பிளானைக் கல்யாணத் தேதியோடு சேர்த்துப் போட வேண்டும், வளைகாப்போடு அல்ல. ஜாதகத்தில் செவ்வாயைத் தேடுகிற வீடுகள், மாத்திரை டப்பாவை மட்டும் பீரோவில் ஒளித்துவைப்பது ஏன் என்றுதான் புரியவில்லை.

எங்க பையன் இப்போது நாளமில்லாச் சுரப்பி டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டான். டைப் 1 உள்ள ஆண்களில் நிறைய பேர் அப்பா ஆகியிருக்கிறார்கள், முதலில் சர்க்கரையைப் பிடித்து நிறுத்து என்பதுதான் பதிலின் சுருக்கம். கூடவே ஒரு கணக்கும் கிடைத்தது. ஹெச்பிஏ1சி டெஸ்ட் காட்டுவது கடந்த மூணு மாசத்து சர்க்கரையின் சராசரி. ஒரு விந்தணு அடிப்படை செல்லிலிருந்து முழுசாக உருவாக சுமார் 74 நாள், வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். இன்றைக்கு சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து நாளைக்கே டெஸ்ட் எடுத்தால், தெரிவது பழைய சர்க்கரையில் ஊறிய பழைய பேட்ச். புது பேட்ச் எப்படி இருக்கிறது என்று தெரிய மூணு மாசம் பொறுக்கணும், அதாவது கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர்!